கருப்பட்டிக் காப்பி குடித்த தொண்டர்

செல்லப்பன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் விஜயாதான் தொலைபேசியில் கூப்பிட்டாள். "டீச்சரே, அப்பா போயிட்டாரு. காலையில எழுப்பப் போனேன், எழும்பல்ல" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தால் வரவில்லை. இனி சொல்லிவிடலாம், இனி என்னை யாரும் தடுக்க முடியாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒரு மரணச் செய்தி கேட்டவள் இப்படி நினைக்கலாமா என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளறடைச் சந்தையில் நாற்பது வருடம் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வியாபாரம் செய்தவர் செல்லப்பன். நல்ல உயரம், கனத்த குரல், கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய வேட்டி. அறிந்தவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, 'கருப்பட்டி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லைப் போராட்டத்தில் உண்ணாவிரதம் இருந்தபோது திருட்டுத்தனமாகக் கருப்பட்டிக் காப்பி குடித்துப் பிடிபட்டவர் என்பதால் ஊர் அவருக்குச் சூட்டிய பெயர் அது. அந்தக் காப்பியை அவர் எதற்காகக் குடித்தார் என்பது எனக்கும் நர்ஸ் ரோஸம்மா அக்காவுக்கும் மட்டும்தான் முழுதாகத் தெரியும். அக்கா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பவள் நான். என் உயிருக்காகத்தான் அவர் அதைக் குடித்தார்.

மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையிலிருந்து மலையடிவாரம்வரை கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த காலம் அது. செல்லப்பன் அண்ணன் கையில் எப்போதும் ஒரு தகரக் குழல் இருக்கும். அதை வாயில் வைத்து, "எலே மக்கா, வீட்டுக்குள்ள இருந்து என்னத்தக் கிழிக்கிய, வெளிய வாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒற்றசேகரமங்கலம்வரை நடப்பார். பேச்சாளர் வந்து இறங்குவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். சில இடங்களில் பேச்சாளர் பேசி முடித்த பிறகும், "செல்லப்பன் ரெண்டு வார்த்த பேசட்டு" என்று ஜனங்கள் கேட்பார்களாம். அடுத்த வருடம் அவரையே மேடைப் பேச்சாளராக்கிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். கணவர் மலைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஆரியங்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். வீட்டிலிருந்து ஒரு மைல் தொலைவில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. பன்னிரண்டு கட்டில், மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பழைய உருப்பெருக்கி, வெந்நீர் காய்ச்ச ஒரு செப்புப் பானை. அவ்வளவுதான் அந்த ஆஸ்பத்திரி. டாக்டர் மேற்படிப்புக்குப் போய்விட்டதால், ஒரு வருடம் சும்மா சேவை செய்கிறோம் என்று இரண்டு இளம்பெண்கள் கப்பலேறி வந்திருந்தார்கள். ஒருவர் டாக்டர் எல்சா. இன்னொருவர் அவருடைய சிநேகிதியான நர்ஸ். வெள்ளைக்காரப் பெண்களை நாங்கள் மதாம்மா என்போம். அதனால் ஒருவர் டாக்டர் மதாம்மா, மற்றவர் சின்ன மதாம்மா. எங்களுக்கு அவர்கள் வேடிக்கை, அவர்களுக்கு நாங்கள் அதைவிட வேடிக்கை. இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தே ரோஸம்மா அக்காவுக்குத் தொண்டை கட்டிப் போனது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரில்தான் உண்ணாவிரதப் பந்தல் போட்டார்கள். முதல் நாள் காலையில் டாக்டர் மதாம்மா வெளியே வந்து பார்த்திருக்கிறார். ஓலைப் பந்தலுக்குக் கீழே ஐந்து ஆண்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். உள்ளே கட்டில் போதாமல் நோயாளிகளை வெளியே கிடத்திவிட்டார்கள் என்று நினைத்து, நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஓடிப்போய் உட்கார்ந்தது செல்லப்பன் அண்ணன் பக்கத்தில். கையைப் பிடித்து நாடி பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார். "எனக்குத் தீனம் ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, பட்டினியாக்கும்" என்றாராம் அண்ணன். பட்டினி என்ற சொல் மதாம்மாவுக்குத் தெரியும். ஐயோ பாவம், சாப்பாட்டுக்கே வழியில்லை போலிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் ஒரு குட்டுவம் நிறையக் கஞ்சி கொடுத்து அனுப்பிவிட்டார். பந்தலே சிரித்ததாம். சிரித்தால் பசிக்கும், சிரிக்காதேயுங்கள் என்று அண்ணன் அதட்டினாராம். குட்டுவம் என்றால் கஞ்சி வைக்கும் பெரிய பாத்திரம்.

மூன்றாம் நாள் ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை. நடக்கத் தெம்புள்ள ஆண்கள் எல்லாரும் பாறசாலை ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். காலை ஒன்பது மணி இருக்கும். நான் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் கத்தியால் குத்தியது போல் ஒரு வலி. வாளி கையை விட்டுப் போனது நினைவிருக்கிறது. மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் என்னை நார்க்கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மைல் தூரம், நான்கு பெண்கள். இப்போது நினைத்தாலும் அந்தக் கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

என்னை ஜன்னலோர மேசையில் கிடத்தினார்கள். வயிற்றில் ஊசி போட்டு இழுத்ததும் குழல் நிறைய ரத்தம் வந்தது. டாக்டர் மதாம்மா ஏதோ சொன்னார். ரோஸம்மா அக்கா மாமியாரிடம் வந்து, "கரு கர்ப்பப்பையில தங்காம குழாயில தங்கியிருக்கு. குழாய் வெடிச்சுப்போச்சு. இப்பமே வயித்தக் கீறணும், இல்லேன்னா உச்சைக்குள்ள பிள்ள போயிருவா" என்றார். உச்சை என்றால் நண்பகல். எனக்கு இருந்தது மூன்று மணி நேரம்கூட இல்லை.

டாக்டர் மதாம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. தன் ஊரில் பெரிய டாக்டர்கள் வயிற்றைக் கீறும்போது பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறாரே தவிர, தனியாகக் கத்தி பிடித்ததில்லை. பின்கட்டுக்குப் போய் இரண்டு முறை முகம் கழுவினாராம். சின்ன மதாம்மா அவர் தோளில் கை வைத்து, தங்கள் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாராம். திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: ரத்தம் எங்கே? கீறாவிட்டாலும் சாவேன், ரத்தம் இல்லாமல் கீறினாலும் சாவேன்.

ரத்தம் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் அந்த ஆஸ்பத்திரி கனவிலும் கண்டதில்லை. ஒரு வெள்ளைச் சாசரில் என் ரத்தத்தின் தெளிந்த நீரை விட்டு, அதில் மற்றவரின் ரத்தம் ஒரு சொட்டு கலந்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கட்டி கட்டியாகத் திரிந்தால் சேராது. டாக்டர் மதாம்மா முதலில் தன் விரலைத்தான் குத்திக்கொண்டார். திரிந்தது. சின்ன மதாம்மாவுக்கும் திரிந்தது. ரோஸம்மா அக்கா, சமையல்கார அம்மாள், என் மாமியார், கட்டில் தூக்கி வந்த மூன்று பேர் என்று எல்லாரையும் குத்திப் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் சாசரைக் கழுவும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரோஸம்மா அக்கா ரோட்டுக்கு ஓடினார். "ரெத்தம் தர ஆளுண்டா? யாராவது உண்டா?" என்று கத்தினார். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. பந்தலில் நான்கு பேர் அசந்து கிடந்தார்கள். ஐந்தாவது ஆள் எழுந்து உட்கார்ந்தார். தடுப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, "ஒண்ணுக்குப் போயிட்டு வாறேன்" என்று பக்கத்தில் படுத்திருந்தவரிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக வந்தார்.

"நீங்க போங்க செல்லப்பண்ணே. மூணு நாள் பட்டினி கிடக்கிய ஆளு" என்றார் அக்கா.

"பட்டினி நானாக்கும். எனக்க ரெத்தம் பட்டினி இல்ல. குத்திப் பாரு" என்றார் அவர்.

குத்தினார்கள். சாசரில் ரத்தம் திரியவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அப்படியே குங்குமம் கரைத்தது போல் நின்றது. சின்ன மதாம்மா சாசரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஆனால் டாக்டர் மதாம்மா தலையை ஆட்டிவிட்டார். மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடாதவரிடமிருந்து ஒரு குப்பி ரத்தம் எடுத்தால் அவர் விழுந்துவிடுவார், முதலில் இனிப்பாக ஏதாவது குடிக்க வேண்டும், கிழங்காவது தின்ன வேண்டும் என்றார். அக்கா இதைச் சொன்னதும் அண்ணனுடைய முகம் மாறிப் போனது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற அவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலுகா சேரும்வரை ஒரு சொட்டுக் காப்பிகூட இந்த நாக்கில் படாது என்று அத்தனை ஊரிலும் குழல் வைத்துச் சொன்ன மனிதர் அவர்.

"வெறும் வெள்ளம் போதாதா?" என்று தண்ணீர்ப் பானையைக் காட்டிக் கேட்டார்.

"போதாது அண்ணே."

இதற்குள் ஓர் ஆண் ரத்தம் கொடுக்க வந்திருக்கிறான் என்பது மட்டும் என் மாமியார் காதுக்கு எட்டிவிட்டது. யார் என்று அவருக்குத் தெரியாது. "அன்னிய ஆம்பிளைக்க ரெத்தம் எனக்க மருமவளுக்க உடம்புல ஏறினா, எனக்க மோன் அவள எப்பிடி வீட்டுல வச்சிருப்பான்? சொந்தக்காரங்க நாக்குல நரம்பில்லாமப் பேசுவாங்களே" என்று வாசலை மறித்துக்கொண்டு அழுதார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு மைல் தூரம் என் கட்டிலைத் தூக்கி வந்த தோள் அவருடையது. பயந்துபோனார், அவ்வளவுதான். டாக்டர் மதாம்மா கையில் கையுறையோடு நின்று ஒன்றும் புரியாமல் விழித்தார். என் விரல் நுனிகள் சில்லிட்டுக்கொண்டிருந்தன.

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் அக்காவைக் கூப்பிட்டார். நான் கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்: "ரோஸம்மா, மதாம்மாக்க ரெத்தம்னு சொல்லிரு. பொம்பிள ரெத்தம்னா அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் இஞ்ச வரவே இல்ல, கேட்டியா. யாரு கேட்டாலும் நான் வரல்ல."

மறுபடி பார்த்ததில் மதாம்மா ரத்தமே சேர்ந்துவிட்டது என்று அக்கா போய்ச் சொன்னதும் மாமியார் வாசலை விட்டு விலகினார். அண்ணன் ஜன்னலுக்கு நேரே தெரிந்த அடுக்களைப் படியில் குந்தி உட்கார்ந்தார். சமையல்கார அம்மாள் பித்தளைத் தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பின் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். மூன்று தம்ளர் குடித்தார். மூன்றாவதைக் குடிக்கும்போது அவர் தோள் குலுங்கியது. அந்தக் கனத்த குரல் மனிதர் சத்தமில்லாமல் அழுததைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். அதற்குள் என் மூக்கில் மயக்க மருந்து நனைத்த துணியை வைத்தார்கள். "எண்ணு" என்றார் டாக்டர் மதாம்மா. ஆறுவரை எண்ணினேன்.

மற்றதெல்லாம் அக்கா சொல்லிக் கேட்டது. கத்தி உள்ளே போன பிறகு டாக்டர் மதாம்மாவின் கை நடுங்கவே இல்லையாம். சூரியன் ஜன்னலை விட்டு நகர்ந்ததும், சின்ன மதாம்மா வார்டில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து, வெயிலைத் திருப்பி என் வயிற்றுக்குள் அடித்தாராம். கையில் நாடி கிடைக்கவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட குப்பியில் பாதி இறங்கியபோது நாடி திரும்பி வந்தது. டாக்டர் மதாம்மா தன் மொழியில் ஒரு கூச்சல் போட்டு, ரத்தக் கறை அங்கியோடு அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். ரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்த அண்ணன், "பிள்ளைக்கு எப்பிடி உண்டு?" என்று கேட்டார். "உயிர் உண்டு அண்ணே" என்றார் அக்கா. அவர் எழுந்தார், லேசாகத் தள்ளாடினார், துண்டைக் கை மறையும்படி போர்த்திக்கொண்டு பந்தலுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்ற வந்த ஒரு பெண் அவர் காப்பி குடித்ததைப் பார்த்திருந்தாள். மாலையில் ஊர்வலம் முடிந்து வந்த பந்தல் பொறுப்பாளரின் காதுக்கு அது போயிற்று. அத்தனை பேருக்கு முன்னால் அவர் கேட்டார்: "செல்லப்பா, நீ காப்பி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எதுக்கு?"

"பசிச்சுது."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு அவருடைய தகரக் குழலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் எந்த மேடையிலும் ஏற்றவில்லை.

இங்கே எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் சிரிப்பீர்கள். மருமகள் உடம்பில் ஓடுவது மதாம்மா ரத்தம் என்று என் மாமியாருக்கு ஒரே பெருமை. டாக்டர் மதாம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அவரும் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். இரண்டு மாதம் தினமும் காலையில் மாமியார் என்னை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி, நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். பிறகு எனக்கு மூத்தவள் பிறந்தபோது அவள் கொஞ்சம் வெளுப்பாக இருந்துவிட்டாள். கேட்க வேண்டுமா, சந்தைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தவரிடமும் சொன்னார். "நல்லதாட்டு இருக்கட்டும் மாமி" என்றாராம் அவர்.

எல்லை வந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா மலையாளப் பக்கமே நின்றது. "நீரு காப்பி குடிச்சதாலதான் ஓய் நெய்யாற்றின்கரை போச்சு" என்று அவரிடம் எத்தனை பேர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தராசைப் பார்ப்பார். நான் வாய் திறக்க மாட்டேன். வீட்டில் மாமியார் இருந்தார், கணவர் இருந்தார், பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நான் கோழையாக இருந்தேன்.

மாமியார் காலமாகி, பின் கணவரும் காலமான பிறகு, ஒருநாள் நேரே சந்தைக்குப் போனேன். "அண்ணே, நான் எல்லார்ட்டயும் சொல்லப் போறேன்" என்றேன். அவர் கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "செத்துப்போனவங்கள நாலு பேருக்கு முன்ன கொண்டு நிறுத்தாண்டாம் மக்கா. ஒனக்க மாமியார் சந்தோஷமாட்டுப் போனா. நான் செத்த பிறகு சொல்லு. அப்ப நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு, தன் பகடிக்குத் தானே சிரித்தார். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

போராட்டத் தொண்டர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் கூட்டம் ஒன்று நடந்தது. பந்தலில் கிடந்த மற்ற நான்கு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவரைக் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். அன்று வீட்டுக்கு வந்து நான் சோறு தின்னவில்லை.

சவ அடக்கத்தன்று போனேன். மரண வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து பெரிய பாத்திரத்தில் காப்பி கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் மரண வீட்டுக் காப்பி என்றால் கருப்பட்டிக் காப்பிதான். முற்றத்து நாற்காலிகளில் யாரோ ஒருவர் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "கருப்பட்டிக்கு ஏத்த காப்பி" என்றார். இரண்டு மூன்று பேர் வாய்க்குள் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். என் முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில், முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். சேலைத் தலைப்பை ஒதுக்கி, ஊசி ஏறிய கையை நீட்டிக் காட்டினேன். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

அன்று பந்தலில் அவர் பக்கத்தில் படுத்திருந்தவர் ஒருவர் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் கோலை ஊன்றி எழுந்து, "ஒண்ணுக்குப் போறேன்னுதானே எங்கிட்டச் சொன்னான்" என்றார். சொல்லிவிட்டுக் குழந்தை போல அழுதார்.

விஜயா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா வீட்டுல காப்பியே குடிக்க மாட்டாரு டீச்சரே. காலையில வெறும் சுடுவெள்ளம்தான். கேட்டா, ஒரு நாளு குடிச்சது போதும்பாரு. பிடிக்காதுன்னு நெனச்சேன்" என்றாள். தாலுகா சேரும்வரை காப்பி படாது என்று சொன்ன நாக்கு அது. எனக்காக ஒரு பகல் அந்தச் சொல்லை மீறினார். மீதி ஆயுள் முழுவதும் அதைக் காப்பாற்றியிருக்கிறார். தாலுகா சேரவே இல்லை.

அவளே உள்ளே போய் ஒரு பித்தளைத் தம்ளரைக் கழுவி எடுத்து வந்து, அந்தப் பாத்திரத்திலிருந்து காப்பி மொண்டு, அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள். சிரித்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அண்ணே, நீங்கள் சொன்னபடி இத்தனை வருடம் காத்திருந்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். இனி ஒருவரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆறுவதற்குள் குடியுங்கள்.